பந்தும் துண்டும்

உதைபந்தாட்ட வீரர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லி, ஈற்றில் அவருடைய சொத்தின் மதிப்பு இவ்வளவு என்று கூறி முடிக்கும் எழுத்து வகையொன்று இன்று நம்மிடையே பெருகி வருகிறது. பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களிலும் கைத்தொலைபேசித் திரையிலும் அது வாழ்கிறது. ஆசிரியர் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. இலக்கிய விமர்சகர்கள் அதனைப் பொருட்படுத்துவதுமில்லை. ஆயினும் வெலிமடைப் பஸ் நிலையத்திலே பண்டாரவளைப் பஸ்ஸுக்காகக் காத்துநிற்கும் இளைஞன் ஒருவன், ஒரு நாளில் வாசிக்கும் தமிழ் உரைநடை இது ஒன்றாகவே இருக்கலாம். காலையில் தேயிலை மலையிலும் மாலையில் உருளைக்கிழங்குப் பாத்தியிலும் நாட்கூலிக்கு உழைக்கும் அவன் நமது சிறுகதைகளைத் தேடி வருவதில்லை; போர்த்துக்கல் நாட்டு வீரர் ஒருவரின் சொத்து மதிப்பையோ இலக்கம் தவறாமல் சொல்லுகிறான். மக்கள் எதனை வாசிக்கிறார்களோ அதனை ஆராய்வதும் விமர்சனத்தின் கடமையே என்று கொண்டால், இவ்வெழுத்தை ஒதுக்கிவிட்டு நாவலையும் கவிதையையும் பற்றி மாத்திரம் பேசிக்கொண்டிருப்பது நியாயமாகாது.

இவ்வெழுத்துக்கென ஒரு வாய்பாடு உண்டு. முதலிலே வறுமை வரும். கந்தைத் துணியாற் சுற்றிய பந்து வரும். பட்டினி கிடந்து பிள்ளைக்குக் காலணி வாங்கிக் கொடுத்த தாய் வருவாள். புராணங்களிலே தெய்வம் தோன்றி வரமளிக்கும் கட்டத்தில் இங்கே பயிற்றுநர் தோன்றுவார். பின்னர் கழகங்களின் பெயர்கள், கோல்களின் எண்ணிக்கை, மாளிகை, மோட்டார் வாகனங்கள். இறுதியில் தொகை. தொகை வந்ததும் எழுத்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மனிதனைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லையென்பது போல!

உலகறிந்த உதாரணமொன்றையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ்டியானோ ரொனால்டோ 1985ஆம் ஆண்டு மடெய்ராத் தீவிலே பிறந்தார். தந்தை நகரசபைத் தோட்டத்திலே வேலை செய்தவர். தாய் சமையல் வேலை செய்தவர். 2003இல் மன்செஸ்டர் யுனைட்டெட், 2009இல் ரியல் மட்ரிட், 2018இல் யுவென்டஸ், மீண்டும் மன்செஸ்டர், 2023 தொடக்கம் சவூதி அரேபியாவின் அல் நாஸர் என்று அவரது ஆட்டப் பயணம் நீண்டது. 2025ஆம் ஆண்டு ஃபோர்ப்ஸ் சஞ்சிகை அவருடைய ஓராண்டு வருமானத்தை 275 மில்லியன் அமெரிக்க டொலர் என மதிப்பிட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் புளூம்பேர்க் நிறுவனம் அவருடைய சொத்தை ஏறத்தாழ 1.4 பில்லியன் டொலர் எனக் கணித்து, உதைபந்தாட்டம் ஈன்ற முதலாவது பில்லியனாளர் எனக் கூறிற்று. இந்நிறுவனங்களாவது தமது கணக்குக்கு ஏதோ ஓர் அடிப்படையைக் காட்டுகின்றன. அவற்றைப் பார்த்து எழுதும் சின்னஞ்சிறு பக்கங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. வரி எவ்வளவு, தரகருக்குப் போனது எவ்வளவு, விளம்பர ஒப்பந்தத்தில் கைக்கு வந்தது எவ்வளவு என்பனவெல்லாம் அவற்றுக்கு வேண்டாத விடயங்கள். வீரரின் சம்பளம், அவருக்காக ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்குக் கொடுத்த விலை, அவர் சேர்த்து வைத்த சொத்து ஆகிய மூன்றையும் ஒரே பானையிலிட்டுக் கிண்டித் தருகின்றன.

இம்மூன்றும் ஒன்றல்ல. 2017 ஆகஸ்டில் நெய்மார் பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் கழகத்துக்கு மாறியபோது 222 மில்லியன் யூரோ கைமாறியது. உலகமே வாய்பிளந்தது. அப்பணம் சேர்ந்த இடம் பார்சிலோனாக் கழகத்தின் கணக்கு; நெய்மாரின் சம்பளம் வேறோர் ஒப்பந்தத்தின் பாற்பட்டது. ஒரு மனிதன் ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்தில் வேலை செய்வதற்கு, அவனை இதுவரை வைத்திருந்தவன் பெறும் பணம் அது. இந்த எண்ணம் நகரத்து வாசகருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவருக்கு அது சற்றும் புதிதன்று. நம் பாட்டன்மாருக்கு அதன் பெயர் தெரிந்திருந்தது. அதன் பெயர் துண்டு.

துண்டு என்றால் என்ன? தமிழ் நாட்டிலிருந்து கங்காணி ஆட்களைத் திரட்டி வந்தான். வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று கொடுத்ததெல்லாம் கடனாயின. கடன் கணக்குக் கங்காணியிடம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி தன் தலைமேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அறியான். இந்தத் தோட்டம் பிடிக்கவில்லை, வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று ஒரு கூட்டம் எண்ணினால், தோட்டத் துரை ஒரு கடதாசித் துண்டிலே எழுதிக் கொடுப்பார்: இன்னின்ன ஆட்களின் கடன் இவ்வளவு, இதனைச் செலுத்துபவர் அவர்களைக் கொண்டுபோகலாம். புதிய தோட்டம் அத்தொகையைப் பழைய தோட்டத்துக்குச் செலுத்தும். ஆட்கள் மாறுவர். கடன் மாறாது; புதிய துரையின் கணக்கிலே புதிதாகப் பதியப்படும். ஆள் தேவை மிகுந்த காலங்களில் துண்டின் தொகை ஏறிற்று. ஏறிய தொகையில் ஒரு சதமாவது தொழிலாளியின் மடியில் விழவில்லை. கங்காணிக்குத் தலைக்காசு விழுந்தது. துண்டின்றி வெளியேறியவனுக்கு வேறெங்கும் வேலை கிடைப்பது அரிது. அறிவித்தலின்றி ஓடியவனைச் சிறைக்கு அனுப்பவும் 1865ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே துண்டுமுறை ஒழிக்கப்பட்டது.

அந்நாளில் யாரேனும் ஒருவர், ஊவாத் தோட்டமொன்றிலே கொழுந்து பறித்த பெண்ணின் வாழ்க்கையை எழுதி, துண்டிலே கண்ட தொகையை அவளுடைய சொத்து மதிப்பு என்று முடித்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? எழுதியவனைப் பைத்தியக்காரன் என்போம். இன்று கழகங்கள் தமக்குள் மாற்றிக்கொள்ளும் விலையை வீரரின் பெருமையாகவும் செல்வமாகவும் எழுதுவோரை அவ்வாறு நாம் சொல்வதில்லை.

இரண்டும் முற்றிலும் ஒன்றே என்று வாதிப்பது எமது நோக்கமன்று. துண்டு தொழிலாளியின் தலையிலே கடனாக நின்றது. கழகங்கள் கொடுக்கும் பணம் வீரரின் தலையில் ஏறுவதில்லை. இன்றைய நட்சத்திர வீரர் தம் விருப்பப்படி ஒப்பந்தம் பேசும் வல்லமை படைத்தவர். ஆனால் அந்த வல்லமை அவருக்கு எங்கிருந்து வந்தது? கால் திறமையிலிருந்து வந்ததென்று சொத்துமதிப்பு எழுத்தாளர் நினைக்கிறார். வரலாறு வேறு விதமாகச் சொல்லுகிறது.

இங்கிலாந்தை நோக்குவோம். தொழின்முறை உதைபந்தாட்டத்தின் தாயகம் அது. அங்கே 1901ஆம் ஆண்டு முதல் ஆட்டக்காரரின் வாரச் சம்பளத்துக்கு ஓர் உச்ச வரம்பு இருந்தது. முதலில் 4 பவுண். அறுபது ஆண்டுகளின் பின்னர், 1961இன் தொடக்கத்திலே, ஆட்டப் பருவத்தில் 20 பவுண். சனிக்கிழமைதோறும் பல்லாயிரம் பேர் காசு கொடுத்து நுழையும் மைதானத்தில், அவர்கள் காண வந்த மனிதனுக்கு இதற்கு மேல் ஒரு பென்னியும் கொடுக்கலாகாது என்பது கழக முதலாளிகள் கூடிச் செய்துகொண்ட விதி. இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்கு 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலம் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று வந்தது. அங்கே இதற்கு மேல் கொடாதே என்ற விதி. இங்கே இதற்குக் கீழ் கொடாதே என்ற விதி. இங்கு கீழெல்லையாக விதிக்கப்பட்டதே நடைமுறையில் மேலெல்லையாகவும் நின்றதென்பதைத் தோட்டத்து மக்கள் அறிவர்.

ஜிம்மி ஹில் என்ற புல்ஹாம் கழக ஆட்டக்காரர் தொழிற்சங்கத் தலைவராக இருந்து ஆட்டக்காரரை ஒன்றுதிரட்டினார். அச்சங்கத்தின் கூட்டமொன்றில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தி எமது பொருளுக்கு மிக நெருங்கியது. இளம் ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து, தம் தந்தை நிலக்கரிச் சுரங்கத்திலே மாடாய் உழைத்துத் தம்மிலும் குறைவாகவே பெறுகிறார், அப்படியிருக்க நாம் கூடுதலாகக் கேட்பது முறையா என்றாராம். போல்ற்றன் கழகத்தின் டொமி பாங்ஸ் மறுமொழி கூறினார். சுரங்க வேலை கடினமானதென்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தந்தை நிலக்கரி வெட்டுவதைக் காண முப்பதாயிரம் பேர் வரமாட்டார்கள், ஸ்ரான்லி மத்தியூஸ் என்னும் மாபெரும் ஆட்டக்காரரைத் தாம் மறிக்க முயல்வதைக் காண முப்பதாயிரம் பேர் வருவார்கள் என்பதை நினைவூட்டினார். முப்பதாயிரம் பேரின் காசு யார் பைக்குப் போகிறது என்பதே கேள்வி. வேலைநிறுத்தத்துக்கு ஆட்டக்காரர் வாக்களித்தனர். 1961 ஜனவரியில் உச்ச வரம்பு நீங்கியது. சில மாதங்களுள் ஜோனி ஹேய்ன்ஸ் வாரம் 100 பவுண் பெறும் முதல் வீரரானார். அவருடைய கழகத்தின் தலைவர் ஒரு நகைச்சுவை நடிகர். சொல்லிவிட்ட வார்த்தையிலிருந்து பின்வாங்க அவரால் முடியவில்லை.

சம்பள வரம்பு நீங்கியபோதும் துண்டு நீங்கவில்லை. ஒப்பந்த காலம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரரின் பெயரைத் தன் பதிவிலே வைத்துக்கொள்ளக் கழகத்துக்கு உரிமை இருந்தது. வைத்திருந்தால் வேறெந்தக் கழகமும் அவரை எடுக்க முடியாது. சம்பளமும் கொடுக்க வேண்டியதில்லை. ஜோர்ஜ் ஈஸ்தம் இந்த விதியோடு மோதினார். நியூகாசில் கழகத்தை விட்டுப் போக அவர் கேட்டார், கழகம் மறுத்தது. 1960இல் அவர் ஆட மறுத்துத் தென் இங்கிலாந்து சென்று, தக்கை விற்கும் வேலை பார்த்தார். இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர் போத்தல் மூடும் தக்கையை விற்றுத் திரிந்த அந்த மாதங்கள், எந்தச் சொத்துமதிப்புப் பக்கத்திலும் இடம்பெறத் தகுதியற்றவை. எமது மதிப்பீட்டிலோ அவருடைய வாழ்வின் உச்சக்கட்டம் அவையே. ஈற்றில் நியூகாசில் அவரை 47,500 பவுணுக்கு ஆர்சனலிடம் விட்டுக்கொடுத்தது. தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதென்று ஈஸ்தம் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சங்கத்தின் துணையோடு வழக்கை நடத்தினார். 1963இல் நீதிபதி வில்பர்போர்ஸ், தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையிலே தடுக்கும் ஏற்பாடு இது எனத் தீர்ப்பளித்தார். அந்தப் பெயரையும் வாசகர் கவனித்திருப்பர்: அடிமை வியாபாரத்தை எதிர்த்த வில்பர்போர்ஸின் வழித்தோன்றல் அவர். 1972இல், 35 வயதில், ஸ்ரோக் கழகத்துக்காக ஈஸ்தம் அடித்த கோல் லீக் கிண்ணத்தை வென்று கொடுத்தது. 2024 டிசம்பரில் அவர் காலமானபோது பத்திரிகைகள் நினைவுகூர்ந்தவை அந்த வழக்கும் அந்தக் கோலுமே.

துண்டு முற்றாக அறுந்தது 1995 டிசம்பரில். அறுத்தவர் பெல்ஜிய நாட்டின் போஸ்மன். பெரிய வீரரல்லர். லியேஜ் கழகத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பிரான்சின் டன்கேர்க் கழகம் அவரை எடுக்க விரும்பியது. கேட்ட பணம் கிட்டாமையால் லியேஜ் விடவில்லை, சம்பளத்தையும் வெட்டிற்று. ஐந்தாண்டுகள் நீதிமன்றம் ஏறினார். ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு எவரும் விலை கேட்கலாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறிற்று. அத்தீர்ப்பின் பயனாக ஐரோப்பாவின் பெருங்கழக வீரர்களின் சம்பளம் பன்மடங்கு ஏறிற்று. போஸ்மனுக்கு வயது கடந்துவிட்டது. ஆட்டம் போயிற்று, கையிருப்பும் போயிற்று. குடியும் மனச்சோர்வும் பிடித்து, அரசாங்க உதவிப் பணத்திலே காலங்கழிக்க நேர்ந்தது. பில்லியன் டொலர்ப் பட்டியலின் அடிவாரத்திலே இந்த மனிதன் கிடக்கிறான். அவனுக்கு எவ்வளவு சொத்து என்று எழுத எந்தப் பக்கமும் முன்வருவதில்லை.

இவ்விடத்தில் எம்முடைய தோழர்கள் சிலருடனும் வாதிட வேண்டியிருக்கிறது. அவர்கள் இவ்வெழுத்துக்குச் சொல்லும் மறுமொழி எளிதானது: ஒருவன் பந்தை உதைத்துக் கோடி சம்பாதிக்கிறான், இன்னொருத்தி கூடை சுமந்து அரைவயிறு கழிக்கிறாள் என்பர். கணக்கும் போட்டுக் காட்டுவர். நாமும் போட்டுப் பார்த்தோம். டொலர் ஒன்று 300 ரூபாவென்று கொண்டால், ரொனால்டோவின் 275 மில்லியன் டொலர் 8,250 கோடி ரூபாவாகிறது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக உயர்த்தப்படுமென்றும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்க்குமென்றும் அறிவிக்கப்பட்டது. ஆக 1,750 ரூபா. மாதம் 25 நாள் தவறாது வேலை கிடைத்தால், நியமித்த கிலோ நிறையாமல் அரைப்பேர் விழாதிருந்தால், ஆண்டுக்கு 525,000 ரூபா. வகுத்துப் பார்த்தால், ஒரு வீரரின் ஓராண்டு வருமானத்தைக் கொண்டு 157,000 தொழிலாளருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்கலாம்.

கணக்கு சரியானது. அதிலிருந்து எழும் கோபமும் இயல்பானது. ஆனால் கோபம் யார்மீது பாய்கிறது என்பதே எமது கேள்வி. இக்கணக்கிலே முதலாளி எங்கே இருக்கிறான்? கொழும்பு ஏலத்திலே விற்பவனும் வாங்குபவனும் இல்லை. தோட்டக் கம்பெனி இல்லை. கழகத்தின் உரிமையாளன் இல்லை. காலணி விற்கும் நிறுவனம் இல்லை. இருக்கும் இருவரும் உழைப்பவர்கள். இருவரையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துவிட்டுத் தராசைப் பிடிப்பவன் மறைந்துகொள்கிறான். சொத்துமதிப்பு எழுத்துச் செய்யும் அதே தந்திரத்தை இது மறுபக்கத்திலிருந்து செய்கிறது. சுரங்கத் தொழிலாளியின் மகன் எழுந்து கேட்ட கேள்விக்கு டொமி பாங்ஸ் கொடுத்த மறுமொழியை இங்கே நீட்டிச் சொல்லலாம். கொழுந்து பறிப்பதைக் காண எவரும் காசு கொடுத்துக் கூடுவதில்லை, உண்மை. ஆனால் அக்கொழுந்திலிருந்து வந்த தேநீருக்கு உலகமே காசு கொடுக்கிறது. வீரன் தன் பங்கைச் சங்கம் கட்டிப் பெற்றான். ஊவாவின் தொழிலாளரும் அவ்வழியை அறியாதவர்கள் அல்லர். 1940ஆம் ஆண்டு, பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமது குழுவோடு துரை கலந்து பேசவேண்டும் என்ற நிலைமையை ஏற்படுத்தினர். ஜிம்மி ஹில்லுக்கு இருபது ஆண்டுகள் முந்தியவர்கள் அவர்கள். 1,000 ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர் 2021இல்தான் நிறைவேறிற்று என்பதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

இனி, எமது பகுதியை நோக்குவோம். உதைபந்தாட்டத்தால் வாழ்ந்த ஒருவரின் கதை நம் பக்கத்தில் எவ்வாறு அமைகிறது? கேரளத்துத் திருச்சூரைச் சேர்ந்த ஐ. எம். விஜயனின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்று. 1969இல் ஏழைக் குடும்பத்திலே பிறந்தவர். திருச்சூர் நகரசபை மைதானத்தில் ஆட்டம் பார்க்க வந்தோருக்குச் சோடா விற்றார். போத்தலுக்குப் பத்துப் பைசா. அதே மைதானத்தில் அவருடைய கால்களைக் கண்டவர்கள் அவரைக் கேரளக் காவல்துறை அணிக்கு எடுத்தனர். பதினேழு வயதளவில் அவருக்கு உத்தியோகம். அந்த அணி 1990இல் கூட்டிணைப்புக் கிண்ணத்தை வென்றது. பின்னர் கல்கத்தாவின் மோகன் பகான், பஞ்சாபின் ஜே. சி. ரி., கொச்சின், ஈஸ்ற் பெங்கால் என்று கழகங்கள். வங்காளத்து இரசிகர்கள் அவரைக் ‘கறுப்பு மான்’ என்றழைத்தனர். 1999இல் பூட்டானுக்கெதிராகத் தெற்காசிய விளையாட்டில் ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது விநாடியிலே கோல் அடித்தார். ஆட்டம் ஓய்ந்த பின் திரைப்படங்களில் நடித்தார். 2019இல் வந்த ‘பிகில்’ என்ற உதைபந்தாட்டத் தமிழ்ப் படத்திலும் தோன்றினார். மீண்டும் காவல்துறை உத்தியோகத்துக்குத் திரும்பி, 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். பத்மஸ்ரீ விருது அதே ஆண்டில்.

இவ்வாழ்வின் ‘சொத்து மதிப்பு’ யாது? ஒரு தொகையை எவரும் எழுதிவிடலாம். எழுதும்போது விட்டுப்போவது அந்த உத்தியோகம். இந்திய உபகண்டத்தில், அண்மைக்காலம் வரை, உதைபந்தாட்ட வீரருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் அரசாங்க வேலையும் அதன் ஓய்வூதியமும்தான். காவல்துறை, புகையிரதம், சுங்கம், இராணுவம் என்பனவே எமது கழகங்களின் பின்னால் நின்றன. இலங்கையிலும் நிலைமை அதுவே. 2021இல் தொழின்முறை லீக் என்ற எண்ணத்தோடு தொடங்கிய சூப்பர் லீக்கின் பத்துக் கழகங்களுள் மூன்று முப்படைகளின் கழகங்கள். நாவலப்பிட்டியின் அப்கன்றி லயன்ஸ் மலைநாட்டுப் பெயரைத் தாங்கி அங்கே நின்றது. ஊவாவின் பெயரைத் தாங்கிய கழகம் எதுவும் இல்லை. 1995இல் கொழும்பிலே இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்ற நாடு, நிர்வாகச் சீர்கேட்டினால் 2023இல் ஏழு மாதம் உலகச் சம்மேளனத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. அவ்வாறான இடத்திலே வீரன் நம்பிப் பற்றும் கொம்பு அரசாங்க வேலைதான்.

அந்தக் கொம்பு யாருக்கு எட்டும்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவனுக்கு வாக்கில்லை, கடவுச்சீட்டில்லை, அரசாங்க உத்தியோகமில்லை. ஆகவே நாட்டின் அணியிலே ஆடும் வாய்ப்பும் இல்லை, காவல்துறைக் கழகத்திலே சேரும் வாய்ப்பும் இல்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. எண்ணப்பட்டவர்களைக் கேட்காமலே எண்ணியது. இரு அரசாங்கங்கள் கையெழுத்திட்ட அந்தக் கடதாசியும் ஒரு துண்டுதானோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. எஞ்சியோருக்குக் குடியுரிமை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களோடுதான் முழுமையாயிற்று. அதாவது, விஜயன் மைதானத்தில் சோடா விற்ற அதே ஆண்டுகளில், அவரைப் போன்ற கால்களையுடைய பையன் ஒருவன் வெலிமடைப் பகுதித் தோட்டமொன்றில் இருந்திருப்பானாயின், அவனைக் கண்டெடுக்கும் பயிற்றுநர் வந்திருந்தாலும் அவனைச் சேர்க்க ஒரு கழகம் இருந்திராது. வாய்பாட்டு எழுத்திலே வறுமைதான் தடை. தடையைத் தாண்டத் திறமை போதும். இங்கே தடை சட்டத்தின் உருவில் நின்றது.

2024 ஆகஸ்டில் விமல் யோகநாதன் என்ற இளைஞர் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லிக் கழகத்துக்காகக் களமிறங்கியபோது, தமிழர் வாழும் இடங்களிலெல்லாம் மகிழ்ச்சி பெருகிற்று. இலங்கையிலிருந்து சென்ற தமிழ்ப் பெற்றோருக்கு 2006இல் வேல்ஸ் நாட்டிலே பிறந்தவர் அவர். அந்த மகிழ்ச்சியில் எமக்கும் பங்குண்டு. ஆனால் அவரைப் பற்றி நமது மொழியில் எழுதுவோர் தமிழ் இரத்தத்தின் பெருமை என்று பேசிவிட்டு, அவர் வளர்ந்த நாட்டிலே சிறு பையன்களுக்கென உள்ள பயிற்சி அமைப்பு, புல்வெளி மைதானம், சம்பளம் பெறும் பயிற்றுநர், ஆட்டக்காரர் சங்கம் ஆகியவற்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஈஸ்தம் தக்கை விற்று வாங்கிக் கொடுத்த உரிமையின் மீது அந்த இளைஞர் நடந்துபோகிறார். இரத்தத்துக்கு அதில் அவ்வளவு வேலையில்லை.

இத்தகைய எழுத்தைக் கேலி செய்து விரட்டிவிட முடியாது. அது நிறைவேற்றும் தேவை உண்மையானது. பஸ் நிலையத்து இளைஞனுக்குத் தன்னையொத்த ஒருவன் உயர்ந்த கதை வேண்டும்; பணத்தைப் பற்றிய கேள்வியும் அவனுக்கு வேண்டும், ஏனெனில் அவனுடைய நாளெல்லாம் பணத்தைப் பற்றிய கேள்வியாகவே கழிகிறது. பணத்தைப் பற்றிப் பேசுவதே இழிவென்று கருதும் நம் இலக்கிய உயர்குலத்தார் அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் தோட்டத்துக் கணக்கை, கடனை, சம்பளத்தை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார்கள். அவர்கள் வழியிலே மைதானத்தையும் கொண்டுவர வேண்டியிருக்கிறது. தோட்டத்து மைதானங்களை யார் வெட்டினார்கள், சம்பளமில்லாத எந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு ஆடும் ஆட்டத்துக்குப் பந்து வாங்கக் காசு எப்படிச் சேர்ந்தது. வெற்றிக் கிண்ணம் எந்த லயத்தில், எந்தச் சாமிப்படத்தின் அருகில் இருக்கிறது. நன்றாக ஆடிய பையன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனானா, கப்பலேறிப் போனானா. கால் முறிந்தவனுக்குத் தோட்டம் பெயர் போட்டதா, இல்லையா என்பனவெல்லாம் எழுதப்படாமல் கிடக்கின்றன. கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் அணியின் பதினொரு பெயரையும் ஒப்புவிப்பார்கள்.

அப்படியொரு கட்டுரையை ஊவாவிலிருந்து எவரேனும் எழுதி அனுப்பட்டும். ஈற்றிலே சொத்து மதிப்பு இல்லை என்பதற்காக அதனை நாம் திருப்பி அனுப்பமாட்டோம். பந்து வாங்கச் சேர்த்த காசின் கணக்கு இருந்தால் போதும்.